நவச்சாரமும் சுண்ணாம்பும்: வீட்டில் ஸ்மெல்லிங் சால்ட் செய்வது, முகர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயங்கி விழுந்தவர் மூக்கருகே காட்டுகிற கார நெடியுள்ள உப்புக்குத்தான் ஸ்மெல்லிங் சால்ட் என்று பெயர். நவச்சாரத்தையும் (வேதிப்பெயர் அமோனியம் குளோரைடு) சுண்ணாம்பையும் கசக்கி முகர வைக்கிற பழைய வழக்கமும் அதே சங்கதிதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஏற்றபடி, எது கைகொடுக்கும், எது கையைச் சுடும் என்று கீழே எழுதியிருக்கிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

எந்த வழியில் செய்தாலும் வெளியே வருவது அமோனியா வாயு. மாட்டுக் கொட்டகையில் காலையில் மூக்கைத் துளைக்கிற அதே நெடி, கொஞ்சம் கூடுதலாக. அது மூக்கின் உள்தோலை எரிக்கும். எரிச்சல் பட்டதும் உடம்பு தானாக வெடுக்கென்று மூச்சை இழுக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், தலை பின்னால் உதறும். அவ்வளவுதான் இதன் வேலை. ரத்தத்தில் சர்க்கரை ஏறாது, நீர்ச்சத்து கூடாது, மூளைக்கு மருந்து போகாது.

அப்படியானால் மயக்கம் எதனால் தெளிகிறது?

பெரும்பாலும் படுத்ததால்தான். கல்யாண மண்டபத்துக் கூட்டத்திலோ கோயில் வரிசையிலோ நின்றபடி மயங்குகிறவருக்கு மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைந்துவிடுகிறது. கீழே விழுந்ததும் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்து ரத்தம் திரும்பிவிடும். ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். அந்த நேரம் பார்த்து யார் கையில் பாட்டில் இருக்கிறதோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

எனவே முதலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். காலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, மடித்த சாக்கோ தலையணையோ கீழே வையுங்கள். கழுத்துப் பித்தானையும் இடுப்புக் கயிற்றையும் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. உட்கார வைத்தால் மறுபடி மயங்குவார், அரை நினைவில் புகட்டிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒரு நிமிடம் கடந்தும் கண் திறக்காவிட்டால் உப்பைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்றைய முதலுதவி வகுப்புகளில் ஸ்மெல்லிங் சால்ட்டைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு எதற்குத்தான் இதைச் செய்வது?

லேசாகத் தலை கிறுகிறுக்கிறவர், விழித்திருக்கும்போதே தானாகக் கையில் வாங்கி ஒருமுறை முகர்ந்துகொள்ள. பளு தூக்குகிறவர்கள் மேடை ஏறும் முன் சுறுசுறுப்புக்கு முகர. நினைவு உள்ளவர் தன் கையால் எடுத்து முகர்வதே நல்ல பயன். நினைவில்லாதவருக்கு இன்னொருவர் காட்டுவது இரண்டாம் பட்சம்.

நவச்சாரம் எங்கே கிடைக்கும்? எவ்வளவு வாங்கலாம்?

நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களும், பற்றவைக்கும் வேலை செய்கிறவர்களும் இதையே வைத்திருப்பார்கள். 50 கிராம் வாங்கினால் வீட்டுக்கு வருடக் கணக்கில் வரும். கிலோ கணக்கில் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். சாராய ஊறலில் போடுகிற சரக்கும் இதுதான் என்பதால் அவர் மேல் குற்றமில்லை.

கொடுத்தது நவச்சாரம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படிகாரம், வெடியுப்பு, நவச்சாரம் மூன்றும் வெள்ளைக் கட்டிகள். பொட்டலம் மாறிப்போக வாய்ப்பு உண்டு. சோதிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒரு ஸ்பூன் தூளைக் கால் தம்ளர் தண்ணீரில் கலக்கித் தம்ளரைத் தொட்டுப் பாருங்கள். நவச்சாரம் கரையும்போது தண்ணீர் பானைத் தண்ணீர் மாதிரி சில்லிடும். ஆனால் வெடியுப்பும் சில்லிட வைக்கும், ஆகவே இது பாதிச் சோதனைதான். இரண்டாவது, கடுகளவு தூளைப் பழைய இரும்புக் கரண்டியில் போட்டு, வாசலில் வைத்துச் சூடு காட்டுங்கள். நவச்சாரம் உருகாது, வெள்ளைப் புகையாகப் போய்க் கரண்டி காலியாகும். படிகாரம் என்றால் உருகிப் பொங்கிப் பொரி போல உப்பி நிற்கும். வெடியுப்பு உருகித் தண்ணீர் போல் நிற்கும். அந்தப் புகையை முகராதீர்கள், காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள்.

எந்தச் சுண்ணாம்பு?

வெற்றிலைக்குப் போடுகிற ஈரச் சுண்ணாம்பு போதும், கிளிஞ்சலோ கல்லோ எதுவானாலும் சரி. தண்ணீர் விட்டு நீற்றாத சுட்ட சுண்ணாம்புக் கல்லை மட்டும் தொடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

பழைய சுண்ணாம்பில் வேலை நடக்காது. காற்றுப் பட்டுப் பட்டு அது சாக்பீஸ் மாவாக மாறியிருக்கும், அதில் காரம் இருக்காது. ஆரத்திக் கரைசல் நினைவிருக்கிறதா? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பாக வேண்டும். மங்கலான ஆரஞ்சு நிறத்தோடு நின்றால் அந்தச் சுண்ணாம்பை வெள்ளையடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

பட்டுப்புழு மனையில் தூவுகிற சுண்ணாம்புத் தூள் மூட்டையாக இருக்கிறது. அதையே எடுக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் காரணத்தை முழுதாகப் படியுங்கள். பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று புழு வளர்க்கிற ஊர்களில் மனையைச் சுத்தம் செய்யச் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பல இடங்களில் இரண்டையும் கலந்தே தெளிப்பார்கள், ஒரே முறத்தில் அள்ளுவார்கள். ப்ளீச்சிங் பவுடர் கொஞ்சம் கலந்திருந்தாலும் நவச்சாரத்தோடு சேர்ந்து குளோரமின் என்ற விஷ வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். இரண்டும் வெள்ளைத் தூள், கண்ணால் பிரிக்க முடியாது. குளியலறை கழுவுகிற ப்ளீச் திரவத்துக்கும் இதே விதி. அமோனியா வரும் எந்தப் பொருளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்பை வெற்றிலைக் கடையில் தனியாக வாங்குங்கள், பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

சரி, செய்முறையைச் சொல்லுங்கள்.

இதை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது, அப்போதைக்கு அப்போது செய்ய வேண்டும். நவச்சாரத்தை முன்னதாகவே பொடித்து, ஈரம் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருங்கள். பித்தளை உரலில் இடிக்காதீர்கள், உலோகத்தை அரிக்கும். கல் உரலோ பீங்கான் கிண்ணமோ எடுங்கள்.

வேண்டிய அளவு அரை கிராம் தூள், அதாவது மூன்று விரலால் கிள்ளி எடுக்கிற ஒரு சிட்டிகை. சுண்ணாம்பு ஒரு கிராம், ஊறிய ஒரு கொண்டைக்கடலை அளவு. காய்ந்த தூள் கணக்கில் மூன்று பங்கு நவச்சாரத்துக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு சரியாக இருக்கும். ஈரச் சுண்ணாம்பில் பாதி தண்ணீர் என்பதால்தான் கூடுதலாகச் சொல்கிறோம். சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சினால் தப்பில்லை, குறைந்தால் நெடி வராது.

கைக்குட்டை அளவு பருத்தித் துணியை நான்காக மடித்து நடுவில் சுண்ணாம்பைத் தடவுங்கள். அதன் மேல் நவச்சாரத்தைத் தூவி, முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். வெளியே நின்று, முகத்துக்கு ஒரு கை தூரத்தில் பிடித்து இரண்டு விரலால் நசுக்குங்கள். பத்து நொடிக்குள் நெடி கிளம்பும், முதல் இரண்டு மூன்று நிமிடம் வேகமாக இருந்து பிறகு இறங்கும்.

உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பதுதான் பழைய பழக்கம். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சுண்ணாம்புக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டால் மயக்கத்தை விடப் பெரிய சிக்கல் வந்து சேரும்.

கூடுதலாகப் போட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் நவச்சாரம் முழுதாக மாறினால் ஏறக்குறைய 450 மி.லி. அமோனியா வாயு வரும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அது பரவினால் பத்து லட்சத்தில் 16 பங்கு. எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்துக்கு அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் மேல்வரம்பு 25 பங்கு, உயிருக்கே ஆபத்து என்று அது குறித்திருப்பது 300 பங்கு. இப்போது அதே ஒரு கிராமைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் நினைத்துப் பாருங்கள். 150 பங்கைத் தொட்டுவிடும், கண்ணைத் திறக்க முடியாது. ஒரு டீஸ்பூன் போட்டால் கார் கதவைத் தேடித் தடவ வேண்டியிருக்கும். சிட்டிகை என்றால் சிட்டிகையேதான்.

இதே காரணத்தால் நவச்சாரமும் சுண்ணாம்பும் கலந்ததை மூடி போட்ட பாட்டிலில் அடைக்கவே கூடாது. வாயு போக வழியின்றி மூடி தெறிக்கும், கூடவே சுண்ணாம்பும் முகத்தில் அடிக்கும்.

பாட்டிலில் போட்டு வைத்துக்கொள்ளும்படி எதுவும் இல்லையா?

இருக்கிறது. பிஸ்கட், நான்கட்டாய் போடுகிறவர்கள் மாவு பொங்கப் போடுகிற பேக்கரி அமோனியா. வேதிப்பெயர் அமோனியம் பைகார்பனேட். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் பேக்கரி சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சமையல் சோடாவைக் கொடுத்துவிடப் போகிறார்கள், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். சோடாவுக்கு வாசனை இல்லை.

30 மி.லி. கருப்புக் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் திருகு மூடி. தகர மூடி இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் 5 கிராம் உப்பு, மேலே இன்னொரு பஞ்சு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். விருப்பமிருந்தால் மேல் பஞ்சில் மூன்று சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடலாம். அது வாசனைக்கு மட்டும், வேலை செய்வது உப்புதான். மேலே காகிதம் ஒட்டி, ‘முகர மட்டும், சாப்பிடக் கூடாது’ என்று பெரிதாக எழுதுங்கள். ஓமத்திரவ பாட்டிலின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆய்வக வேதிப்பொருள் கடையில் அமோனியம் கார்பனேட் கிடைத்தால் அதுவே அசல் ஸ்மெல்லிங் சால்ட், நெடியும் கூடுதல். அளவை இரண்டு கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறந்ததும் புஸ்ஸென்று அடிக்கிறது. சில நாள் வாசனையே இல்லை. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வெயில். பேக்கரி அமோனியா சாதாரணச் சூட்டிலேயே மெல்ல ஆவியாகும். 40 டிகிரியை நெருங்கும்போது வேகம் பிடிக்கும், 60-ல் மிச்சமே வைக்காமல் அமோனியாவும் கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடும். தர்மபுரி, அரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். உள்ளே அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். தளர்வாக மூடியிருந்தால் சத்தமில்லாமல் காலியாகும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய ஓசூரில் அதே பாட்டில் கூடுதல் நாள் தாங்கும். எங்கே இருந்தாலும் நிழலான அலமாரியில் வையுங்கள். பூஜை அறைப் பித்தளை விளக்குப் பக்கம் வேண்டாம், நீலப் பச்சைக் களிம்பு ஏறும்.

அமோனியம் கார்பனேட் கட்டி என்றால் வேறொரு வேடிக்கை நடக்கும். மேல்தோல் வெளுத்து மாவு மாதிரி ஆகி நெடி குறைந்திருக்கும். குச்சியால் உடைத்தால் உள்ளே கண்ணாடி போல் மங்கிய பளபளப்போடு பழைய காரம் அப்படியே இருக்கும்.

நெடி இருக்கிறதா என்று பார்க்க மூக்கைக் கொடுக்க வேண்டாம். மஞ்சள் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டைப் பாட்டில் வாய்க்கு மேலே பிடியுங்கள். சில நொடியில் செம்பழுப்பாகும். காற்றில் ஆட்டினால் அமோனியா பறந்து மறுபடி மஞ்சளாகும். காகிதம் மாறவே இல்லையென்றால் உப்பை மாற்றுங்கள்.

எப்படி முகர்வது?

மூக்கிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, அதாவது நான்கு விரலுக்குமேல் ஒரு கைப்பிடி இடைவெளி விட்டு, பாட்டிலை இடமிருந்து வலமாக ஒருமுறை நகர்த்துங்கள். ஒன்றிரண்டு நொடி போதும். மூக்குத் துளையோடு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, ஆழமாக இழுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். முதல் முறை பலனில்லை என்றால் இரண்டாவது முறை ஒரு நிமிடம் கழித்து. மூன்றாவது முறை கிடையாது.

யாருக்கெல்லாம் காட்டக் கூடாது?

ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள். இதய நோயாளிகள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். கர்ப்பிணிகள். குழந்தைகள்.

இதைவிட முக்கியம், மயக்கத்துக்கு வேறு காரணம் தெரிகிற இடங்கள். மாங்காய் பறிக்கிற சித்திரை, வைகாசியில் ஒருவர் உடம்பு கொதிக்க, உளறிக்கொண்டு சாய்ந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் வாயில் எச்சில் வழிய, கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கி விழுந்தால் பூச்சிமருந்து ஏறியிருக்கிறது. அவர் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பு கடித்தவருக்கு வேண்டியது அரசு ஆஸ்பத்திரியில் உள்ள விஷமுறிவு ஊசி. சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். இந்த நான்கிலும் உப்பைக் காட்டிக் கழிக்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

வலிப்புக்கு? இரும்புச் சாவி கொடுப்பதற்கு இது மேல் இல்லையா?

சாவியும் வேண்டாம், இதுவும் வேண்டாம், கசக்கிய வெங்காயமும் வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நிற்கும், கையில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பொங்கல் கபடியில் அடிபட்டவருக்குக் காட்டி மறுபடி இறக்கலாமா?

தலையில் அடிபட்டவருக்குக் காட்டவே கூடாது. நெடி பட்டதும் தலை வெடுக்கென்று உதறும் என்று சொன்னோமே, கழுத்தெலும்பில் விரிசல் இருந்தால் அந்த உதறல் ஒன்றே போதும். இன்னொன்று, முகர்ந்ததும் ஆள் தெளிந்த மாதிரி எழுந்து நிற்பார், மூளையில் பட்ட அடி அப்படியே இருக்கும். அடுத்த ரெய்டில் இன்னொரு அடி விழுந்தால் பெரிய விலை கொடுக்க வேண்டிவரும். ஒரு நொடி நினைவு தப்பியிருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

பளு தூக்குகிறவர்கள் விஷயம் வேறு. முகர்ந்தால் விறுவிறுப்பு வருவது நிஜம், தூக்கும் எடை அதனால் கூடும் என்று நம்ப ஆதாரம் குறைவு. பயிற்சியில் ஒவ்வொரு செட்டுக்கும் முகர்ந்தால் மூக்கு எரிந்து ரத்தம் கசியும், பழகிப்போய் நெடியும் உறைக்காது. குத்துச்சண்டையில் இதற்குத் தடை உண்டு. மற்றப் போட்டிகளில் நடுவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எருது விடும் விழாவில் மாட்டுக்கு?

கூடாது. அது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வேலை. மாட்டுக்கு மூக்குதான் கண்.

கண்ணில் பட்டுவிட்டால்?

ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இமையை விரலால் பிரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் ஒட்டியிருந்தால் தண்ணீரை அங்கேயே பீய்ச்சி வெளியேற்றுங்கள். எலுமிச்சை, வினிகர், தாய்ப்பால், நெய் எதுவும் விடாதீர்கள். காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், எரிச்சல் குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பை எடுக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையைப் பிதுக்கும்போது கண்ணுக்குள் தெறிக்கிற விபத்து அவர்களுக்கே அதிகம்.

தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளித்து, ஒன்றிரண்டு வாய் தண்ணீர் குடிக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முகர்ந்த பின் இருமலோ இளைப்போ நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

அமோனியா இல்லாமல், மூக்கடைப்புக்கு முகர ஏதாவது?

பச்சைக் கற்பூரம், புதினா உப்பு (மென்தால்), ஓம உப்பு (தைமால்) மூன்றையும் சம எடையில், ஒவ்வொன்றிலும் 2 கிராம், ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். மூன்றும் கெட்டி. அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், சேர்ந்ததும் தானாக எண்ணெய் போல இளகிவிடும். இரண்டு சொட்டு கைக்குட்டையில் விட்டு முகரலாம். இது மயக்கத்துக்கு உதவாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

செய்து விற்கலாமா?

மயக்கத்துக்கு மருந்து என்று சொல்லி விற்றால் மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்ததை எங்கே கொட்டுவது?

பேக்கரி அமோனியாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தென்னை மரத்தடியில் ஊற்றலாம். அது தழைச்சத்துதான், மரம் எடுத்துக்கொள்ளும். நவச்சார முடிச்சில் மிஞ்சுவது குளோரைடு உப்பு, செடிக்கு ஆகாது. துணியை வெளியே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடுங்கள். அந்தச் சாக்கடையில் அன்றைக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு.